விரல்நுனியைக் கேட்ட மருந்து

கடை ஷட்டரில் தொங்கிய பித்தளைப் பூட்டைத் தொட்டதும் பூட்டுக்காரம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினாள். மழை பெய்து ஓய்ந்த காலை. பூட்டு சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில்லிப்பு ஊசி ஊசியாக விரல்நுனியில் இறங்கி மணிக்கட்டு வரை ஏறியது.

"என்ன பூட்டம்மா, உங்க பூட்டே உங்களக் கடிக்குதா?" என்று கேட்டார் பக்கத்துக் கடை வாட்ச்காரர். அவர் ஏற்கெனவே கடையைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் தெரிந்தது.

"கடிக்கட்டும் அண்ணே. எனக்கும் பல்லு இருக்கு."

கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துப் பூட்டைத் திறந்தாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. முதல் தடவை மருந்து ஏற்றி முடித்ததும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்: "குளுந்த தண்ணி குடிக்காதீங்கம்மா, தொண்டை இறுக்கும். ஃபிரிட்ஜ் கைப்பிடியத் தொடாதீங்க." பூட்டைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அந்த நாற்காலியில் அதிகம் உட்காருவதில்லை போலிருக்கிறது.

பூட்டுக்காரம்மாவின் கடை, மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. நின்றால் தலை இடிக்கும்; அதனால் அவள் நிற்பதே இல்லை. சுவர் முழுக்க வெற்றுச் சாவிகள் தொங்கும். மேசையில் சாவி வெட்டும் இயந்திரம், நாலைந்து அரம், வளைந்த கம்பிகள் செருகிய ஒரு தகர டப்பா. சாவி தொலைந்த பூட்டை அந்தக் கம்பிகளால் திறப்பதில்தான் அவளுக்குப் பேர். பூட்டின் வயிற்றுக்குள் சின்னச் சின்னப் பின்கள் வரிசையாக நிற்கும். கம்பியை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். சரியான உயரம் வந்ததும் பின் லேசாக ஒரு நெளி நெளியும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல்நுனிதான் சொல்ல வேண்டும். அவளுடைய மொத்தத் தொழிலும் அந்த நெளிவில்தான் இருந்தது.

அந்த வித்தை அவளுக்குப் பூட்டுத் தொழிற்சாலையில் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே அங்கே பின் கோர்க்கும் மேசையில் சேர்ந்தாள். மேசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கதை பேசிக்கொண்டே, பார்க்காமலேயே கோர்ப்பார்கள். சாவி வெட்டும் இயந்திரத்தில் மட்டும் ஆண்கள். ஒருநாள் அவள் மேற்பார்வையாளரிடம் போய், தனக்கும் இயந்திரம் வேண்டும் என்று கேட்டாள். "உனக்கு எதுக்கும்மா மெஷினு? கை வெட்டிக்குவ" என்று அவர் சிரித்தார். "வெட்டிக்கிட்டா என் கைதானே, உங்க கையா?" என்றாள். அந்த வாய்க்காகவே வேலை போனது. அவள் அழவில்லை. பழைய இயந்திரம் ஒன்றை வாங்கிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டாள். முதல் வாடிக்கையாளர் அவளுடைய புருஷன். பஸ் ஓட்டுகிற அந்த மனிதருக்கு அத்தனை பெரிய வண்டியைச் சந்துக்குள் திருப்பத் தெரியும், வீட்டுச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. கல்யாணமான வருஷத்தில் அவர் தொலைத்த சாவிகளுக்கு நகல் வெட்டியே தான் கை தேர்ந்ததாக அவள் ஊரெல்லாம் சொல்லுவாள். அவரும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

பெருங்குடலில் கட்டி என்று தெரிந்ததும் அவளை விட ஆடிப்போனது அவர்தான். அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் பக்கத்து நெறிக்கட்டிகள் சிலவற்றிலும் அது எட்டிப் பார்த்திருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒளிந்திருப்பதையும் ஒழிக்க வேண்டும் என்றார் புற்றுநோய் டாக்டரம்மா. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை நரம்பு வழியாக ஒரு மருந்து. நடுவில் இரண்டு வாரம் மாத்திரை. இப்படி எட்டு தவணை.

அவளுடைய தங்கை பள்ளிக்கூட ஆசிரியை. வகுப்பை அடக்குகிற அதே குரலில் வீட்டையும் அடக்குவாள். "அக்கா, கடைய மூடு. ஒரு வருஷம் கால நீட்டிப் படு" என்றாள்.

"படுத்தா நோய்க்குக் கொண்டாட்டம். இந்த வீட்டுல அதுக்குன்னு தனியா ஒரு ஆள் படுத்துக் கெடக்கணுமா?"

"எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு!"

"அது கூடப் பொறந்தது. அதையும் வெட்டி எடுங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லிப் பாரு."

கடை மூடவில்லை. மருந்து ஏறிய வாரம் குமட்டும். சோற்று வாசனையே பகையாகும். மாத்திரை நாட்களில் உள்ளங்கை சிவந்து எரியும். இதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். சில்லென்று பட்டால் கடிக்கும் விரல்களுக்குக் கையுறை போட்டாள். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் அந்தக் கடி சில நாளில் அடங்கிவிடும். நாலாவது தவணைக்குப் பிறகு வேறொன்று வந்தது. அது கடிக்கவில்லை. ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. விரல்நுனியில் மெல்லிய துணி ஒட்டியதுபோல் இருந்தது. கழுவிப் பார்த்தாள், தேய்த்துப் பார்த்தாள், துணி போகவில்லை. ஒரு நாள் தெரிந்த பூட்டு ஒன்றுக்குள் கம்பியை விட்டாள். பின்கள் நெளிந்தனவா இல்லையா என்றே தெரியவில்லை. கம்பியை வெளியே எடுத்து, "துரு ஏறிப்போச்சு, நாளைக்கு வாங்க" என்று வாடிக்கையாளரை அனுப்பினாள். பூட்டில் துரு இல்லை.

இதை அவள் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவளிடம் காரணம் இருந்தது. மருந்தேற்றும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர், "கை மரத்துப்போச்சுன்னு சொன்னேன், அந்த மருந்தையே நிறுத்திட்டாங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பூட்டுக்காரம்மாவுக்கு அது கைகழுவிவிட்டார்கள் என்று கேட்டது. சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினால் எந்தப் பூட்டும் திறக்காது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த ஒரே நியாயம் அதுதான். மருந்தும் அப்படித்தான் என்று அவளாகவே முடிவு கட்டினாள். எட்டு என்றால் எட்டு. ஏழரையில் நிறுத்தினால் ஏறிய ஏழரையும் வீண்.

அதனால் ஏமாற்றினாள். "கை மரத்துப் போகுதாம்மா?" என்று டாக்டரம்மா கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் இல்ல, சில்லுன்னு பட்டாத்தான்" என்றாள். சட்டைப் பொத்தான் போட்டுக் காட்டச் சொன்னால், விரலைக் கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டபோது இமையை இழை அளவு திறந்து வைத்தாள். கை நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டரம்மாவும் நம்பினாள். அடுத்த தவணையும் ஏறியது.

மாட்டிக்கொண்டது ஒரு பிசிரால்.

புதிதாக வெட்டிய சாவியின் ஓரத்தில் ரோமம் போல உலோகப் பிசிர் நிற்கும். அதை விரலால் தடவிப் பார்த்து அரத்தால் ராவ வேண்டும். அவள் தடவினாள், ஒன்றும் தெரியவில்லை, சுத்தமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் கையில் கொடுத்தாள். "அம்மா, சாவியெல்லாம் ரத்தம்" என்றார் அவர். குனிந்து பார்த்தாள். ஆள்காட்டி விரல் கிழிந்திருந்தது. யாரோ ஒருவருடைய விரலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். துணி சுற்றிக்கொண்டு அடுத்த சாவியை எடுத்தாள்.

விரல் சிவந்து தடித்தது. வலி இல்லை. சீழும் இல்லை. சீழ் இல்லாததால் காயம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்தாள். மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல் வந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். போனால் விரலைப் பார்ப்பார்கள், விரலைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். அலமாரியில் புருஷனுக்குப் பல்வலி வந்தபோது கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரை மிச்சம் கிடந்தது. வலி நின்றதும் அவர் நிறுத்திவிட்ட மாத்திரை. அதில் ஒன்றைப் போட்டாள். பிறகு இன்னொன்று.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த புருஷன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எந்திரி, போலாம்" என்றார்.

"எனக்கு ஒண்ணும்..."

"வாயத் தொறந்தா தூக்கிட்டுப் போவேன். எல்லாரும் பாப்பாங்க. எது வசதி?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் அவள் பேச்சு எடுபடவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், உடனே வேறொரு ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்த மருந்து வயிற்றைக் கலக்கி அவளைக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடக்க வைத்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலைமாட்டில் தங்கை, கால்மாட்டில் புருஷன். டாக்டரம்மா அந்த விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதுதான், ஆனால் கோபத்தை அடக்கும்போது முகத்தில் வயது கூடியது.

"இவ்வளவு ஆழமா கிழிஞ்சிருக்கு. எப்படிம்மா வலிக்காம போச்சு?"

பூட்டுக்காரம்மா சுவரைப் பார்த்தாள்.

"சரி, கண்ண நல்லா மூடுங்க. இந்தத் தடவ நான் கைய வச்சு மூடிக்கறேன்." டாக்டரம்மா இடக்கையால் அவள் கண்ணைப் பொத்தினாள். "இப்ப எந்த விரலத் தொடறேன்?"

"தொடறீங்களா?" என்று கேட்டாள் பூட்டுக்காரம்மா.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீழ் இல்ல, அதனால நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்" என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்ல.

"சீழுங்கறதே கிருமியோட சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்கள்தான். உங்க ரத்தத்துல சண்டைக்குப் போக ஆளே இல்ல, அப்புறம் சீழ் எங்கருந்து வரும்? நீங்க போட்டதாச் சொன்ன அந்தப் பல்வலி மாத்திரை இந்தக் கிருமிய ஒண்ணும் பண்ணல. ஆனா ரத்தப் பரிசோதனையில கிருமிய அடையாளம் காட்டாம மறைச்சிடப் பாத்துது. இன்னும் ஒரு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் இப்ப இவங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டிருப்பேன்."

புருஷன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

"வெள்ளை அணுவ யாரு கொன்னது?" என்றாள் பூட்டுக்காரம்மா.

"நாங்க குடுத்த புற்றுநோய் மருந்துதான். கிருமி நம்ம ஜாதியே இல்லம்மா. அதுக்கு மேல ஒரு சுவர் இருக்கு, நம்ம செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது. இப்ப ஏத்தற கிருமி மருந்து அந்தச் சுவரத்தான் உடைக்குது. அதனால நம்ம செல்லு தப்பிக்குது. வயித்துல நமக்கு உதவியா இருக்கற நல்ல கிருமிகளும் சாகுது, அதான் வயிறு போகுது. ஆனா புற்றுநோய்ங்கறது நம்ம செல்லுதான். கெட்டுப்போன நம்ம செல்லு. அதுக்குன்னு தனிச் சுவர் ஒண்ணும் இல்ல. வேகவேகமா பெருகறத எல்லாம் அடின்னு மருந்த அனுப்பறோம். முடி வேரும் பெருகுது, வாய், குடலோட உள்தோலும் பெருகுது, எலும்புக்குள்ள ரத்தமும் பெருகுது. எல்லாத்துக்கும் அடி விழுது."

"அப்ப கிருமி மருந்து ஒரு பூட்டுக்கு வெட்டின சாவி. நீங்க எனக்கு ஏத்தறது தெருவுல எல்லா வீட்டையும் தொறக்கற சாவி."

"கிட்டத்தட்ட."

"விரலு பெருகலயே? அத ஏன் அடிக்குது?"

"அது வேற கதை. மூணு வாரத்துக்கு ஒரு தடவ ஏத்தற மருந்துல பிளாட்டினம் இருக்கு. அது தொடு உணர்ச்சியக் கொண்டு போற நரம்போட வேர்ல போய்ப் படியும். நீளமான நரம்புதான் முதல்ல அடி வாங்கும். அதான் விரல்நுனி, கால்நுனியில தொடங்குது."

"பிளாட்டினமா? இத்தன வருஷம் நான் உலோகத்துக்குள்ள கைய விட்டேன். இப்ப அது எனக்குள்ள கைய விடுதாக்கும்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்த மருந்த இத்தோட நிறுத்தலாம்னு பாக்கறேன். மாத்திரைய மட்டும் தொடருவோம். ஆனா உங்க சம்மதம் வேணும்."

"பாதி திருப்பின சாவி..." என்று தொடங்கினாள் பூட்டுக்காரம்மா.

"இது ஒரே பூட்டு இல்லம்மா. ஒவ்வொரு தவணையிலயும் கொஞ்சம் கொஞ்சமா செத்திருக்கும், அந்தக் கணக்கு திரும்பிப் போகாது. உங்களுக்கு இருந்த மாதிரிக் கட்டிக்கு, பிளாட்டினத்த முழுசா ஏத்தினவங்களுக்கும் பாதியில நிறுத்தினவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. இல்லவே இல்லன்னு சொல்லமாட்டேன். கொஞ்சம் இருக்கலாம். ஆனா மிச்சத்தையும் ஏத்தினா விரல் திரும்புமான்னு எனக்கு உறுதி இல்ல."

"ஏத்துங்க டாக்டர்" என்றாள் தங்கை. "உயிர் முக்கியமா, விரல் முக்கியமா? கடைய மூடிட்டு எங்க வீட்டுல வந்து இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"நீ எதப் பாத்துக்குவ?"

"ஒன்னத்தான்!"

"என்னைன்னா எந்த என்னை? பொத்தான் போட்டு விடுவ, சோறு ஊட்டி விடுவ, ஜன்னலோரமா உக்கார வைப்ப. நான் தெருவப் பாத்துட்டு இருப்பேன். அதுக்கா வயித்தக் கிழிச்சுக்கிட்டேன்?"

"அக்கா, கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்க. அந்தக் கொஞ்சத்துல நீ போயிட்டா?"

பூட்டுக்காரம்மா புருஷனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"எனக்கு நீ இருந்தாப் போதும்." அவர் அவள் கால்மேல் போர்வையை இழுத்து விட்டார். "ஆனா இருக்கறது நீயா இருக்கணும்."

அவள் டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "போனா போகட்டும்னு சொல்லல. நானும் பொழைக்கத்தான் வந்திருக்கேன். அந்தக் கொஞ்சத்த நான் ஏத்துக்கறேன், யாரும் என் தலையில கட்டல. பிளாட்டினத்த நிறுத்துங்க. மாத்திரைய ஒண்ணு விடாமப் போடுவேன். இனிமே கண்ணத் தொறந்து ஏமாத்தவும் மாட்டேன்."

"ஏமாத்தினது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"அதையும் ஒத்துக்கறேன். ஆனா நல்லா ஏமாத்தினேன்ல?"

மருந்தை நிறுத்தியதும் விரல் உடனே திரும்பிவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். திரும்பவில்லை. இன்னும் மோசமானது. நிறுத்திய பிறகும் மரமரப்பு சில மாதம் ஏறிவிட்டுத்தான் இறங்கும், முழுசாக இறங்காமலும் போகலாம் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தாள். கேட்கும்போது வெறும் சொல்லாக இருந்தது. இப்போது செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தங்கை வாரா வாரம் வந்தாள். சொல்லிக்காட்டவில்லை; ஆனால் வந்ததும் அக்காவின் கையைத்தான் முதலில் பார்ப்பாள். அந்தப் பார்வை சொல்லிக்காட்டுவதை விடக் கடுமையாக இருந்தது.

பூட்டுக்காரம்மா கடையில் உட்கார்ந்து தன் கையை மறுகையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். நுனியில் ஒன்றுமில்லை. விரலின் நடுவில் மங்கல். உள்ளங்கையில் பரவாயில்லை. மணிக்கட்டைத் தாண்டியதும் சட்டென்று எல்லாம் இருந்தது. முன்கையின் உட்புறத்தில் எறும்பு ஊர்ந்தால்கூட எந்தக் காலால் நடக்கிறது என்று சொல்லிவிடலாம் போல. நீளமான நரம்புதான் முதலில் அடி வாங்கும் என்று டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது. அப்படியானால் நீளம் குறைந்தது இன்னும் உயிரோடு இருக்கிறது. விரல் பேசாவிட்டால் கை பேசட்டும்.

கம்பியின் கைப்பிடியோடு இன்னொரு எஃகுத் தண்டைப் பற்ற வைத்து நீட்டினாள். நுனி பூட்டுக்குள், நடுவை விரல்கள் பிடித்துக்கொள்ளும், வால் மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் உட்புறத்தில் படியும். முதல் தண்டு கனமாக இருந்தது, நெளிவை விழுங்கிவிட்டது. அடுத்தது வளைந்தது. அதற்கடுத்தது முன்கையைக் கீறியது. இந்தத் தடவை உடனே வலித்தது, அவளும் உடனே கழுவி மருந்து போட்டாள். வலித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்கூட. குடைக் கம்பியைத் தட்டி மெலிதாக்கிச் செய்த ஒன்றுதான் படிந்தது. பழைய பூட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பழகினாள். பத்தில் ஒன்று திறந்தது. ஒன்பது அவளைப் பார்த்து இளித்தன.

அந்தச் சமயத்தில்தான் வாட்ச்காரர் தன் ஷட்டர் சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டார். காலை நேரம், நாலைந்து வாடிக்கையாளர்கள் வேறு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு அவள் கடை வாசலில் வந்து நின்றார்.

"பூட்டம்மா, தப்பா நெனைக்காதீங்க. வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"தாராளமா கூப்பிடுங்க. அவன் வந்து சேர்றதுக்குள்ள நான் தொறந்துடறேன்."

ஷட்டரின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். தூக்கிய பின்கள் விழாமலிருக்க, இடக்கையால் சின்ன நெம்புகோலைப் பூட்டுக்குள் செருகி அழுத்தினாள். அழுத்தம் சரியா என்பதை விரலில் கேட்காமல் தோளில் கேட்டாள். வலக்கையில் வால் நீண்ட கம்பி. கூட்டம் கூடியது. "டிரில் போட்டா ரெண்டு நிமிஷம்" என்றான் ஒருவன். "ஒன் வாயில போட்டாலும் ரெண்டு நிமிஷம்தான்" என்றாள், தலையைத் திருப்பாமல். தங்கை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

முதல் பின் நின்றது. இரண்டாவது நின்றதாக நினைத்தாள். இல்லை, எல்லாம் விழுந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து. வியர்வை கண்ணில் இறங்கியது. பொறுமை இல்லாதவர்கள் நடையைக் கட்டினார்கள். மூன்றாம் முறையும் விழுந்தது. தங்கை முன்னால் வந்து, "அக்கா, போதும்" என்று சொல்ல வாயெடுத்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவள் கண்ணில் இறங்கிய வியர்வையை மட்டும் துடைத்துவிட்டாள்.

பிறகு முன்கையின் உட்புறத்தில், நீலநரம்பு ஓடுகிற இடத்தில், மெல்ல ஒரு நெளிவு. பூட்டுக்காரம்மா மூச்சை நிறுத்தினாள். அடுத்தது. அதற்கடுத்தது. பூட்டுக்குள் இருந்த உருளை திரும்பியது. பூட்டு வாயைப் பிளந்தது.

யாரோ கை தட்டினார்கள். வாட்ச்காரர் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே சுவரில் வரிசையாக மாட்டியிருந்த கடிகாரங்களின் டிக் டிக் சத்தம் மொத்தமாக வெளியே வந்தது.

"தொறந்துட்டீங்க, சரி. ஆனா எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா?" என்றார் அவர்.

பூட்டுக்காரம்மா தங்கையின் தோளைப் பிடித்து எழுந்தாள். செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தக் கடிகாரங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது.

"எதப் பாத்து அண்ணே சொல்றீங்க?" என்றாள்.